மருந்து பூசிய கம்பி

உலோகத்தின் மேல் கிருமி ஏறாமல் இருக்க என்ன பூசலாம் என்பதுதான் என் ஆராய்ச்சி. உடைந்த எலும்புக்குள் விடுகிற கம்பி, தகடு, திருகு, மாற்று மூட்டு என்று உடம்புக்குள் எந்த உலோகம் போனாலும் அதன் மேல் கிருமிகள் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் தங்களைச் சுற்றி வழவழவென்று ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு மருந்து கொடுத்து அவற்றைக் கிளப்புவது, வாடகைக்கு வந்து பல வருடம் ஆனவரைக் கிளப்புவது மாதிரி. ஆகவே உட்காருவதற்கு முன்பே விரட்ட வேண்டும். அதற்காக உலோகத்தின் மேல் மருந்தையோ வெள்ளியையோ மெல்லிசாகப் பூசுகிறார்கள். நானும் பூசுகிறேன். மதுரையில் ஒரு கல்லூரியின் மாடியில், நகத்தளவுத் தகடுகளில்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். இந்தப் படிப்பை வீட்டில் விளக்கிச் சொல்லப் பல வருடம் முயன்றேன். கடைசியில் அம்மாவே ஒரு சுருக்கம் கண்டுபிடித்தார். கேட்டவர்களிடமெல்லாம், "இரும்புக்கு பெயின்ட் அடிக்கிற படிப்பு" என்று சொன்னார். அந்த வேலையைப் படிக்காமலே நன்றாகச் செய்கிறவர்கள் அவனியாபுரம் பட்டறைகளில் நிறையப் பேர் இருப்பதால், சொந்தக்காரர்களுக்கு என் மேல் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடுவார். மற்ற நாட்களில் கருத்தரங்குகளில் பேசுவார். இரண்டிலும் குரல் ஒரே மாதிரி இருக்கும். "மனித குலத்துக்கு நம்முடைய பூச்சு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். மனித குலம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்ததில்லை. கண்ணாடித் தட்டில் கிருமிகள் மட்டும் இருந்தன. அவை நாங்கள் எதிர்பார்த்தபடி செத்தன. அதற்கு ஒரு முக்கியமான காரணத்தை நான் பின்னால்தான் புரிந்துகொண்டேன். கண்ணாடித் தட்டுக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது.

அப்பாவுக்கு இருந்தார்கள்.

நாங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். விவசாயம் கைவிட்ட பிறகு வில்லாபுரத்தில் வாடகை வீடு. அப்பா அவனியாபுரத்தில் ஒரு பட்டறைக்குக் காவலாளி. ஷேர் ஆட்டோவில்தான் போய்வருவார். ஆட்டோ முழுதாக நின்ற பிறகு இறங்குவது பயந்தாங்கொள்ளிகள் செய்வது என்பது அவருடைய கொள்கை. சித்திரை மாதத்தில் ஒரு நாள் ஆட்டோ அந்தக் கொள்கைக்கு ஒத்துழைக்கவில்லை. வலது காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, ரோட்டு மண்ணைத் தொட்டுவிட்டது.

தனியார் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எங்களிடம் சொன்னார்: "எலும்புக்குள்ள கம்பி விடணும். சாதாக் கம்பி இருக்கு, மருந்து பூசின கம்பியும் இருக்கு. எலும்பு மண்ணுல பட்டுருச்சு. அதனால பூசினதுதான் நல்லது."

அப்பா உள்ளே வலியில் கத்திக்கொண்டிருந்தார். நானோ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிடம் பூரித்துப்போனேன். என் படிப்பு முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வருகிறது. டாக்டருக்குக் கிருமிப் படலம் பற்றி விளக்க ஆரம்பித்தேன். மருந்து எவ்வளவு வேகமாகக் கரைய வேண்டும், ஏன் முதல் சில மணி நேரம் முக்கியம் என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, கையெழுத்துப் போடுங்க. நான் போய் ஆபரேஷன் பண்றேன்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பூச்சு கம்பி மேலதான் இருக்கு, உங்க அப்பா மேல இல்ல. கிழிஞ்ச தோல் மூடுற வரைக்கும் தண்ணி படக்கூடாது. கண்ட கை படக்கூடாது. மாத்திரை ஒரு வேளை விடக்கூடாது. உள்ள சீழ் பிடிச்சா கம்பியை வெளிய எடுக்கணும். அப்புறம் காலைக் காப்பாத்துறதே பெரிய பாடாயிரும்."

எனக்கு இது ஒன்றும் புதிதில்லை. இதே விஷயத்தை என் ஆய்வேட்டின் அறிமுக அத்தியாயத்தில் ஏழெட்டுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அங்கே கால் யாருடையது என்று எழுதவில்லை.

அதற்குள் அம்மா ஊருக்கு போன் போட்டிருந்தார். "எம் மகன் படிச்சானே, அந்தக் கம்பிதான் வச்சிருக்கு" என்றுதான் சொன்னாராம். செய்தி திருமங்கலம் தாண்டும்போது அது "மகன் வாங்கிக் குடுத்த கம்பி" ஆனது. உசிலம்பட்டி போய்ச் சேர்ந்தபோது "மகன் செஞ்ச கம்பி". சும்மா கால் உடைந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் ஆட்டோவில் வருவார்கள். மகன் செய்த கம்பியைப் பார்க்க வேன் பிடித்து வந்தார்கள்.

எல்லோர் கையிலும் ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். எல்லோர் காலிலும் ஊர்ப் புழுதி. அப்பாவின் கட்டிலில் ஒரு சமயத்தில் அப்பாவைத் தவிர நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார், கல்யாண ஃபோட்டோ மாதிரி. வெயில் அடிக்கும்போது கம்பி பளிச்சென்று தெரிந்தது. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் குறை. ஒரு சித்தி மடியிலிருந்து திருநீற்றை எடுத்து அப்பா நெற்றியில் பூசினார். மிச்சத்தை வீணாக்காமல் காலில் போட்டிருந்த கட்டின் மேல் தூவினார்.

அம்மாவின் அண்ணன், என் தாய்மாமன், எக்ஸ்ரேயை மட்டும் நம்புகிற ஆள் இல்லை. கட்டிலில் நெருங்கி உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், தேங்காய் தட்டுகிற மாதிரி. வீட்டு ஓடு அதிர அப்பா கத்தினார்.

"என்ன மச்சான், உள்ள கம்பி இருக்குன்னாங்க. டங்குன்னு சத்தம் வரலையே?"

"சத்தந்தான் நான் போடுறேனே, கேக்கலையா?" என்றார் அப்பா.

நான் ஓடிப்போய், "மாமா, கையக் கழுவாமத் தொடக்கூடாது. கிருமி உள்ள போயிரும்" என்றேன்.

"பூச்சுப் பூசியிருக்குல்ல மாப்ள?"

"பூசியிருக்கு மாமா. ஆனா..."

"கிருமி வந்தாச் செத்துரும்ல?"

"அது கம்பிகிட்ட வந்தாத்தான். அதுக்கு முன்னாடி தோலு, சதை..."

"ஏப்பா, உம் பூச்சு மேல ஒனக்கே நம்பிக்கை இல்லைன்னா அப்பனுக்கு எதுக்கு வச்சே?"

வீடே சிரித்தது. கல்லூரியில் என் ஆய்வுத் திட்டத்தை மதிப்பிட வந்த வெளியூர்ப் பேராசிரியரும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் கேட்டார்.

அன்றிலிருந்து "பூச்சு இருக்குல்ல" என்பது எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பதிலாகிவிட்டது. செருப்போடு உள்ளே வந்தால், பூச்சு இருக்குல்ல. தும்மினால், பூச்சு இருக்குல்ல. நான் படித்தவன் அல்லவா, படித்தவன் செய்வதைச் செய்தேன். "கைகளைக் கழுவவும். நோயாளியைத் தொட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம்" என்று கம்ப்யூட்டரில் அடித்து, வண்ணத்தில் அச்சிட்டு, கதவில் ஒட்டினேன். வாசலில் கை கழுவும் திரவம் ஒரு பாட்டில் வைத்தேன். வந்தவர்கள் சுவரொட்டியைச் சத்தமாக வாசித்து, எழுத்து அழகாக இருப்பதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, நேரே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்கள். மாமா அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றி முழங்காலில் தேய்த்துக்கொண்டார். வலிக்கு நன்றாகக் கேட்கிறது என்று பாட்டிலை ஊருக்கு எடுத்துப் போகவும் செய்தார்.

கட்டுப் பிரித்த அன்று புண்ணின் ஓரம் சிவந்திருந்தது. ஒரு மூலையில் நீர் கசிந்தது. டாக்டர் என்னைத்தான் பார்த்தார்.

"நீங்க இதத்தானே படிக்கிறதாச் சொன்னீங்க?"

"ஆமா சார்."

"இது இன்னும் மேல்தோல்லதான் இருக்கு. உள்ள இறங்குச்சுன்னா கம்பியை எடுக்கறதைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்." மாத்திரையை மாற்றி எழுதினார். "இது கடுமையானது. ஒரு வேளைகூட விடாதீங்க. ஆளுகளை உள்ள விடாதீங்க."

அப்பாவின் கழுத்திலும் முதுகிலும் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் வந்திருந்தன. அதையும் காட்டினேன். "வேர்க்குரு. படுத்தே கெடக்கார்ல? நல்லா ஃபேனைப் போடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் பேராசிரியரின் அழைப்பு. நலம் விசாரித்தார், அப்பாவுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார், அப்புறம் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். "தம்பி, கட்டுப் பிரிக்கும்போது ஒரு போட்டோ எடுத்து வைங்களேன். அடுத்த கருத்தரங்குல முதல் படமா வைக்கலாம். மனித குலத்துக்கு நம்முடைய..."

"சார், புண்ணு சிவந்திருக்கு சார்."

"சிவக்காத பக்கமா எடுங்க."

மறுநாள் ஊரிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. யாருக்கும் பயப்படாதவர். மாமா அன்றும் வந்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை அப்பாவின் கழுத்தைப் பார்த்தார். சட்டையை நீக்கி முதுகைப் பார்த்தார். பின்னால் நகர்ந்து, செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்து, கைகூப்பினார்.

"ஆத்தா வந்திருக்கா."

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "மதினி, என்ன சொல்றீக?"

"முத்துப் போட்டிருக்கா, தெரியலையா? அம்மை எறங்கியிருக்கு தம்பிக்கு."

"அத்தை, அது வேர்க்குரு. நேத்துத்தான் டாக்டர் பாத்தாரு" என்றேன்.

"எலும்பு டாக்டருதானே? எலும்ப மட்டும் பாக்கச் சொல்லு மருமகனே."

மறுபடியும் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். எழுந்தது மட்டுமல்ல, வாசற்படிக்கு அந்தப் பக்கம் போய், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, அங்கிருந்தே, "மச்சான், ஒடம்பப் பாத்துக்கங்க" என்று குரல் கொடுத்தார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அம்மை கண்ட வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது.

என் வண்ணச் சுவரொட்டிக்கு அசையாத மாமா. நான் திறந்த வாயை மெதுவாக மூடிக்கொண்டேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் எங்கள் வீடு, நான் பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த வீடாக மாறியது. அத்தை சுவரொட்டியின் மேலேயே வேப்பங்கொத்தைக் கட்டினார். வாசலில் மஞ்சள் தண்ணீர் வாளி. கை கால் கழுவாமல் யாரும் படி ஏற முடியாது. படுக்கை விரிப்பைத் தினமும் துவைத்து வெயிலில் போட்டார். தரையைக் காலையும் மாலையும் துடைத்தார். கட்டிலில் யாரும் உட்காரக் கூடாது, அப்பாவை யாரும் தொடக் கூடாது. கட்டுப் பிரித்துக் கட்ட வருகிற நர்ஸைக்கூட, "தலைக்குக் குளிச்சியா?" என்று கேட்டுத்தான் உள்ளே விட்டார். தெருவில் போகிறவர்கள் வேப்பிலையைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். ஊர் வேன்கள் நின்றே போயின.

அப்பா என்னைச் சைகையால் அருகில் கூப்பிட்டார். "டேய், இது வேர்க்குருதானே?"

"ஆமாப்பா."

"பேசாம இரு. இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறேன்."

நான் பேசாமல்தான் இருந்தேன். பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. விஞ்ஞானத்தில் இதற்கு ஒரு மரியாதையான வழக்கம் உண்டு. முடிவு நமக்குச் சாதகமாக இருக்கும்போது காரணத்தை ரொம்பக் கிளறக் கூடாது.

ஆனால் ஒரு நாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால், அலமாரியில் மாத்திரை அட்டை இல்லை.

"பரண்ல கட்டி வச்சிருக்கேன்" என்றார் அத்தை. "ஆத்தா எறங்கியிருக்கிற ஒடம்புல மருந்து போகலாமா? அவ கோவிச்சுக்கிட்டா யாரு தாங்குறது?"

"காலையில போட்டீங்களா?"

"காலையிலயும் இல்ல, மத்தியானமும் இல்ல."

இரண்டு வேளை போய்விட்டது. கம்பியின் மேல் பூசிய மருந்து கரைந்து போயிருக்க வேண்டிய நேரம் இது. இனி வெளியிலிருந்து போகிற மாத்திரைதான் காவல். அதையும் பரணில் ஏற்றிவிட்டார்கள். அப்பாவைப் பார்த்தேன். அவர், "அந்த மாத்திரை போட்டா வயித்த எரியுதுடா. அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று அத்தை பக்கம் சாய்ந்துவிட்டார்.

"அத்தை, அது அம்மையே இல்ல! வேர்க்குரு! வெறும் வேர்க்குரு!" என்று கத்தினேன்.

நான்கு நாள் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் அது ஒரு அபிப்பிராயம். இப்போது அது தெய்வ நிந்தனை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தெரியாமப் பேசுறான் தாயி, படிச்ச புள்ள" என்று வேப்பிலையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். என் படிப்பு எனக்கு அன்றைக்கு அந்த வகையில்தான் உதவியது.

"கால் போயிரும் அத்தை. டாக்டர் சொல்லிருக்காரு."

கால் என்றதும் அத்தையும் கொஞ்சம் ஆடிப்போனார். தம்பியின் மேல் உயிர் அவருக்கு. அதே சமயம் ஆத்தாளை மீறவும் பயம். "சரி, நமக்குள்ள எதுக்குச் சண்ட? அவகிட்டயே கேட்ருவோம். பூக்கட்டிப் பாப்போம்" என்றார்.

தெரு முனையில் சின்ன மாரியம்மன் கோயில். பூசாரி ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் கட்டி ஆத்தாள் காலடியில் போடுவார். கேட்க வேண்டியதைக் கேட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தால் பதில்: வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் மறுப்பு. அப்பாவின் கால் பாதிக்குப் பாதி வாய்ப்பில் தொங்குகிறது. பொட்டலம் இரண்டிலும் வெள்ளைப் பூவையே வைக்கச் சொல்லி பூசாரியிடம் கெஞ்சலாமா என்றும் யோசித்தேன். ஆய்வகத்தில்கூட நான் அப்படிச் செய்ததில்லை. சன்னதிக்கு முன்னால் நின்றபோதுதான், ஆராய்ச்சியில் எனக்கு முதல் வருடமே சொல்லிக்கொடுத்த ஒன்று ஞாபகம் வந்தது. பதிலைத் திருத்துவதுதான் குற்றம். கேள்வியை எப்படி வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளலாம்.

"கேளுப்பா" என்றார் பூசாரி. வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.

நான் கைகூப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்: "ஆத்தா, அப்பாவுக்கு மாத்திரையச் சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்கவா, பின்னாடி குடுக்கவா? வெள்ளன்னா முன்னாடி, செவப்புன்னா பின்னாடி."

அத்தை என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் பூசாரி பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். சிவப்பு அரளி.

"சாப்பாட்டுக்குப் பின்னாடி" என்று பூசாரி தீர்ப்புச் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். டாக்டர் சீட்டிலும் அதேதான் இருந்தது.

வெளியே வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டார். "நான் என்ன கேக்கச் சொன்னேன், நீ என்னடா கேட்டே?"

"மாத்திரை வேணாம்னா ஆத்தா பூவே குடுத்திருக்க மாட்டாள்ல அத்தை?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்புட்டுப் படிப்பும் இதுக்குத்தானா?" என்றார். வீட்டுக்கு வந்து, அப்பாவுக்குக் கூழ் கொடுத்து, அவர் குடித்து முடித்த பிறகு, பரணில் ஏறித் தானே மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு வேளை தவறவில்லை. ஆத்தாள் உத்தரவு.

எங்கள் யுத்தம் அதோடு முடியவில்லை. அம்மை முழுதாக விலக, வேப்பிலை மஞ்சள் தண்ணீரைத் தலைக்கு ஊற்றியாக வேண்டும். மூன்று தடவை ஊற்றுவது வழக்கம். அடிபட்ட உடம்பு என்பதால் ஒரு தடவையோடு விட அத்தை சம்மதித்தார். அதற்குக் கீழே ஒரு சொட்டுக்கூட இறங்கி வர மறுத்துவிட்டார். தையல் பிரிக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.

கொல்லையில் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். கட்டுப் போட்ட காலை பாலிதீன் பையால் சுற்றி, தொடையில் இறுக்கி டேப் ஒட்டி, அதற்கு மேல் இன்னொரு பை சுற்றி, காலை நேராகத் தூக்கி என் தோளில் வைத்துக்கொண்டேன். அத்தை குடத்தோடு வந்தார்.

"பாத்து ஊத்துங்க அத்தை. தலையோட நிக்கட்டும்."

"தலையில ஊத்துற தண்ணி தலையோட நிக்குமாடா கிறுக்கா?"

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அப்பா சிலிர்த்துக் காலை உதறினார். என் காதில் பட்டது. விடவில்லை. நான் வாங்கப் போகும் பட்டத்துக்கு உரிய உழைப்பு என்று ஏதாவது இருந்தால், அந்தக் கொல்லையில் தண்ணீர் வழிய நின்றுகொண்டு அப்பாவின் காலைத் தூக்கிப் பிடித்திருந்ததுதான். உள்ளே வந்து பையைப் பிரித்துக் கட்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

தையல் பிரிக்கும் அன்று நான்கு பேருமாக ஆட்டோவில் போனோம். அறைக்குள் நானும் அப்பாவும் மட்டும். டாக்டர் கட்டைப் பிரித்தார். எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. சுவரில் தொங்கிய எலும்புப் படத்தைப் பார்த்தேன். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லாக் காஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "செவப்பு இல்ல, கசிவு இல்ல. கம்பி இருக்கட்டும், தொட வேண்டாம். எந்திரிங்க ஐயா. ரெண்டு காலையும் ஊனி நில்லுங்க பாப்போம்."

அப்பா எழுந்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது பாதம் தரைக்கு ஒரு விரல் மேலே அந்தரத்தில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் ஒரு செருப்பைத்தான் கொண்டுவந்திருந்தோம். ஆஸ்பத்திரிக்கு இத்தனை தடவை வந்தபோதும் ஒன்றுதான். வலது கால் செருப்பை எடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

என் வலது செருப்பைக் கழற்றி அவர் பாதத்துக்குக் கீழே வைத்தேன். கொஞ்சம் பெரிது. அவர் அதற்குள் காலை நுழைத்து, மெதுவாக எடையை இறக்கினார். முகம் சுளித்தார். பிறகு நின்றார்.

கைத்தடியும் என் தோளுமாக வெளியே வந்தோம். ஆஸ்பத்திரித் தரையில் என்னென்ன கிருமி இருக்கும் என்று எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். அந்தத் தரையில் ஒரு கால் வெறுங்காலாக நடந்தேன். வெளியே பெஞ்சில் இருந்த அம்மா, அப்பா நிற்பதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அத்தை தம்பியைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் காலைப் பார்த்தார்.

"வெறுங்காலோடவா ஆஸ்பத்திரியில நடந்து வாரே? வீட்டுக்கு வந்து நல்லாக் கழுவிட்டுத்தான் படியேறணும், சொல்லிட்டேன்."